பார்த்தவர்களில் பெரும்பாலோர்

“சட்டையில முஷ்டி இருந்தா உடனே புரட்சியா? முஷ்டிக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு பாருங்க மேடம்.”

“இந்தக் கண்ணாடியில எனக்கு யானையே தெரியாது. நீயே படி.”

“குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம். மகளிருக்குக் காலை வகுப்பு இலவசம்.”

“அப்ப தூக்கி அந்தப் பக்கம் போடு.”

வண்டு அந்தப் படத்தைத் திரையில் இழுத்துக்கொண்டுபோய் ‘செல்லாதவை’ என்ற பெட்டிக்குள் விட்டான். எதைக் கொடுத்தாலும் குடைந்துவிடுவான் என்பதால் அவனுக்கு வண்டு என்று பெயர். எங்கள் அலுவலரைத் தராசு என்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும், உள்ளூரப் பிடிக்கவும் செய்யும். நகராட்சிக் கட்டடத்தில் மின்தூக்கி போகாத கடைசி மாடியில் எங்கள் அறை. சன்னலைத் திறந்தால் கீழே வாகன நிறுத்தம் தெரியும், மூடினால் தூசி மணக்கும்.

தேர்தல் நெருங்கும் மாதங்களில், எந்த அணிக்காவது ஊரறிய ஓட்டுக் கேட்ட கலைஞர்கள் நகராட்சி செலவில் நடக்கும் மேடைகளில் ஏறக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. யார் ஏறலாம் என்று பார்த்துச் சொல்வது எங்கள் மூன்று பேரின் வேலை. வீட்டுக்குப் போய் விசாரிக்க மாட்டோம். தெரிந்தவர்களைக் கேட்க மாட்டோம். எல்லோரும் பார்க்கும்படி பாடியது, பேசியது, எழுதியது, நின்றது, அவ்வளவுதான் கணக்கு.

“மனசுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்ல நாம டாக்டரும் இல்ல, சாமியாரும் இல்ல” என்பார் தராசு.

அன்று எங்கள் மேசைக்கு வந்திருந்தது குண்டூசி என்ற ராப் பாடகியின் கோப்பு. அவள் என் அக்கா.

இதை நான் மறைக்கவில்லை. கோப்பு வந்த அன்றே சொல்லிவிட்டேன். தராசு கொஞ்ச நேரம் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார்.

“நீ தேடலாம், அடுக்கலாம். தீர்ப்புல வாய் திறக்கக் கூடாது. வீட்டுக் கதை ஒண்ணுகூட இங்க வரக் கூடாது, தம்பி.”

“வர்றதுக்கு வீட்டுக் கதையே இல்ல மேடம். ஒன்பது வருஷமாச்சு அவகிட்டப் பேசி.”

வண்டு நாற்காலியோடு சுழன்று என்னை மேலும் கீழும் பார்த்தான். அவள் பாட்டெல்லாம் அவனுக்கு மனப்பாடம். “குண்டூசியோட தம்பியாடா நீ? அப்புறம் ஏன்டா இவ்வளவு மொக்கையா இருக்க?”

மாதக் கடைசிச் சனிக்கிழமை, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் திடலில் நகராட்சியின் இசை மாலை. ‘சாய்வு இல்லை’ என்று நாங்கள் எழுதினால் அக்கா அங்கே வருவாள். திடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெருக்கள். ‘சாய்வு உண்டு’ என்றால் அழைப்பு ரத்து. அவள் இந்த ஊர்ப்பக்கம் வருவதற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை. இத்தனை வருடங்களாக இருந்ததும் இல்லை.

அந்த வாரம் முழுக்க அவளைப் பிரித்துப் பிரித்து வைத்தோம். ஓர் அமைச்சரோடு எடுத்த படம் கிடைத்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அவள் தோளில் கை போட்டிருந்தது அமைச்சரின் காவலர். காவலர் பரம ரசிகராம்; அமைச்சரோ பின்னால் திரும்பித் தும்மிக்கொண்டிருந்தார். அவள் பின்தொடரும் கணக்குகளைப் பார்த்தோம். இரண்டு அணித் தலைவர்களும் இருந்தார்கள். மீதிப் பேரெல்லாம் பூனைகள். ஒரு பேட்டியில், “எனக்கு யார் மேலயும் நம்பிக்கை கிடையாது, கடிகாரம் மேல சுத்தமா கிடையாது” என்று சொல்லியிருந்தாள்.

“கடிகாரம்னா ஆட்சியைச் சொல்றாங்களா?” என்றார் தராசு.

“அதிகாரம்னு ஒரு பேராசிரியர் கட்டுரையே எழுதியிருக்கார் மேடம்” என்றான் வண்டு.

அப்பா பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எப்போது திரும்பியது என்று எழுதிவைக்கும் வேலை. அது வீட்டுக் கதை. அங்கே சொல்ல முடியாது.

மாலையில் வீட்டுக்குப் போனால் அம்மா போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். அக்கா போன பிறகு அவள் அறை தையல் இயந்திரத்துக்கும் பழைய மின்விசிறிக்கும் என்றாகிவிட்டது. இரண்டையும் இப்போது கூடத்துக்குத் தள்ளியிருந்தாள். நடக்க இடமில்லை.

“அம்மா, இன்னும் முடிவாகல.”

“நான் எதுவும் கேட்டேனா? வெயில் நல்லா இருந்துச்சு, துவைச்சேன்.”

அப்பா முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். காதோரம் வெள்ளையாகத் தெரிந்தது. “என்னப்பா, மாசக் கடைசியிலதானே வெட்டுவீங்க?” என்றேன். “கசகசன்னு இருந்துச்சுடா” என்று சொல்லிவிட்டு, நான் செருப்பைக் கழற்றும்வரை பொறுத்திருந்து, “உங்க அந்தச் சனிக்கிழமை விஷயம் என்னாச்சு, சும்மா கேட்டேன்” என்றார்.

ஒன்பது வருடங்களுக்கு முன், ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்த மாதம் அக்கா வீட்டை விட்டுப் போனாள். பணிமனையில் வண்டி ஒன்றுகூட நகரவில்லை. அப்பா மட்டும் தினமும் போய், போகாத வண்டிகளுக்கு நேரம் எழுதிவிட்டு வந்தார். அக்கா தொழிலாளர் மன்றத்துக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தாள். இருவரும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது வாரம் அப்பா, “இந்த வீட்டுல அரசியல் பேசறவங்களுக்கு இடமில்லை” என்றார். அவர் அதை ஒரு விதியைப் போல, பலகையில் எழுதி மாட்டுகிற குரலில்தான் சொன்னார். போ என்று சொல்லவில்லை. அக்கா போனாள். அப்போது எனக்குப் பதினான்கு வயது.

பிறகு அவள் எண் மாறியது. அவளுடைய இணையப் பக்கத்துக்கு நான் செய்தி அனுப்புவேன். ‘உங்கள் அன்புக்கு நன்றி! புதிய பாடலைக் கேட்டீர்களா?’ என்று அந்த நொடியே பதில் வரும். தானாகப் போகும்படி யாரோ பொருத்திவைத்த பதில். முதல் தடவை அது அவள்தான் என்று நினைத்து, ‘கேட்டேன்க்கா’ என்று திருப்பி எழுதினேன். அதற்கும் நன்றி வந்தது.

அலுவலகத்தில் அவளைப் பற்றிய துண்டுகளை அடுக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. எனக்கும் வண்டுக்கும் கையில் இருக்கும் ஆதாரங்கள் ஒன்றுதான். அவளுடைய இப்போதைய முகவரி எனக்குத் தெரியாது. தேநீரில் இன்னும் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறாளா, காலையில் எழுப்பினால் இன்னும் அடிக்க வருகிறாளா, தெரியாது. ஊரார் எட்டிப் பார்க்கும் அதே சன்னல் வழியாகத்தான் நானும் ஒன்பது வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வண்டாவது வேடிக்கை பார்ப்பவன். நான் கதவு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தவன்.

வியாழக்கிழமை மதியம், செல்லாத பெட்டி நிரம்பி வழிய, செல்லும் பெட்டி காலியாக இருந்தது. தராசு ‘சாய்வு இல்லை’ என்று எழுதப் பேனா மூடியைத் திறந்தார்.

“கொஞ்சம் இருங்க மேடம்” என்றான் வண்டு. “இங்க ஒண்ணு மாட்டியிருக்கு.”

திரையைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

பணிமனைத் தொழிலாளர் மன்றத்தின் இணையப் பக்கம் அது. எப்போதோ கைவிடப்பட்டது. கூட்ட அறிவிப்புகளுக்கும் இரங்கல் செய்திகளுக்கும் கீழே, அடியாழத்தில் அந்தக் காணொளி. ஒலிவாங்கியின் கம்பியைக் கறுப்பு ஒட்டுநாடா சுற்றி நிறுத்தியிருந்தார்கள். அக்காவுக்கு அப்போது இருபது வயது. குண்டூசி என்ற பெயர் இன்னும் வந்திருக்கவில்லை. ஒற்றைப் பின்னல், அம்மா தைத்த சட்டை.

*மணி அடிச்சா வண்டி நிக்கும், மனுஷன் நின்னா யார் துடிப்பா?*
*ஊரைச் சுமந்தவன் தோளு வலிச்சா ஒரு நாள் வந்து யார் பிடிப்பா?*

தராசு விரலால் மேசையில் தாளம் போட்டார். போடுகிறோம் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் அக்கா மூச்சு வாங்கியபடி, தேர்தலில் நிற்கும் ஓட்டுநர் அண்ணனுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று, அணியின் பெயரைச் சொல்லி, இரண்டு தடவை கேட்டாள். பிறகு ஒலிவாங்கியைக் கொடுக்கப் போனவள் திரும்பி வந்தாள்.

“எங்க வீட்டுல ஒருத்தன் இருக்கான். அவனுக்கு மீசையே இன்னும் வரல, ஓட்டு எங்க வரப்போகுது? அவனுக்கும் சேர்த்து யோசிச்சுப் போடுங்க.”

மன்றம் சிரித்தது. காணொளி அங்கே முடிந்தது.

வண்டு மெதுவாக என் பக்கம் திரும்பினான். “மீசை வராதவன்...” என்றான். “டேய், இப்பவும் ஒழுங்கா வரலையேடா.” சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

“பார்வை எத்தனை?” என்றார் தராசு.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஐந்நூறு பேராவது பார்த்திருந்தால்தான் அது பொது ஆதாரம். அதற்குக் குறைந்தால், வரவேற்பறையில் பேசிய பேச்சுக்குச் சமம் என்று தள்ளிவிடுவோம்.

“அறுநூத்திச் சொச்சம்.”

தராசு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார். “அப்ப பொதுதான், தம்பி. மனசைத் தேத்திக்க.”

கூடத்தில் நடுவாக நிற்கும் தையல் இயந்திரம் எனக்கு ஞாபகம் வந்தது. அதைத் திரும்ப அந்த அறைக்குள் தள்ளும் சத்தமும் காதில் கேட்டது.

“அது அறுநூறு பேர் இல்ல மேடம்.”

“பின்ன?”

“நான்தான்.”

“என்ன நீதான்?”

“பெரும்பாலும் நான்தான் பார்த்தது.”

கைப்பேசியை எடுத்து என் பார்வை வரலாற்றைத் திறந்து மேசையில் வைத்தேன். வண்டு விரலால் தள்ளிக்கொண்டே போனான். ஒரே சிறு படம், ஒற்றைப் பின்னலோடு, வரிசையாகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. என் பரீட்சைகள், காய்ச்சல்கள், முதல் சம்பளம், யாரோடும் பேசப் பிடிக்காத ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதில் இருந்தன. எனக்கு மட்டும் அது தெரிந்தது.

“டேய், நான் பல்லு தேய்ச்சதைவிட நீ இதை அதிகம் பார்த்திருக்கடா” என்றான் வண்டு. கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தான்.

தராசு கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “ஒரே ஆள் ஆயிரம் தடவை பார்த்தாலும் ஒரு ஆள்தான். வழக்கப்படி இது தள்ளுபடி” என்றார். “ஆனா ஒண்ணு யோசி. இதைத் தள்ளிட்டா, அந்தப் பொண்ணு அன்னைக்குச் சொன்னதை ஊர்ல யாருமே கேட்கலன்னு நாம எழுதுறோம். உனக்குச் சம்மதமா?”

“தீர்ப்புல நான் வாய் திறக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க.”

“அதான் திறந்துட்டியே.”

அவள் கேட்ட ஓட்டை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டை விட்டுப் போகும் அளவுக்கு அதில் உறுதியாக இருந்தவள். ஆனால் இரண்டு தெரு தள்ளி ஒரு திடல் இருந்தது. அங்கே கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நான் நிற்பேன். அவள் குனிந்து பார்த்தால் போதும்.

“அவ வரட்டும் மேடம்” என்றேன்.

முடிவைச் சம்பந்தப்பட்ட கலைஞருக்கும் அனுப்ப வேண்டும். மறுப்பு இருந்தால் சொல்லலாம். தராசு எதையும் விட்டு எழுதத் தெரியாதவர். ‘தொழிலாளர் மன்றத்தின் காணொளி ஒன்று பரிசீலிக்கப்பட்டது, அதன் பார்வைகளில் பெரும்பாலானவை ஒரே நபருடையவை என்பதால் பொது ஆதாரமாகக் கொள்ளப்படவில்லை, சாய்வு இல்லை’ என்று எழுதினார். அந்த ஒரே நபரின் பெயரை எழுதவில்லை. தகவல் தருபவர் பெயர் வெளியே போகாது என்பதும் எங்கள் வழக்கம்தான்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். அம்மா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சும்மா ஓடும் சத்தம் கேட்டது. அப்பா, “எத்தனை மணிக்காம்?” என்றார்.

“அடுத்த வாரம் சனிக்கிழமை, ஏழு மணிக்குப்பா.”

“ஏழுன்னா எட்டாகும். அவ என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கா?” கொஞ்சம் கழித்து, “எதுக்கும் நாம ஆறரைக்குப் போயிருவோம்” என்றார்.

வெள்ளிக்கிழமை அப்படியே கழிந்தது. என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான வெள்ளிக்கிழமை அதுதான் என்று நினைக்கிறேன். பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும்.

திங்கட்கிழமை காலை நான் அறைக்குள் நுழைந்ததும் வண்டு திரையை என் பக்கம் திருப்பினான்.

அக்காவின் சொந்தப் பக்கத்தில், அத்தனை லட்சம் பேர் காத்திருக்கும் இடத்தில், அந்தப் பழைய காணொளி ஏறியிருந்தது. மேலே அவள் எழுதியிருந்தாள்: ‘இதை ஒரே ஒரு ஆள்தான் பார்த்திருக்காராம், நகராட்சி சொல்லுது. அதனால நான் எந்தப் பக்கமும் இல்லையாம். அன்னைக்குச் சொன்னது சொன்னதுதான். இப்ப எல்லாரும் பாருங்க.’

மதியத்துக்குள் வண்டு எண்ணிக்கையைச் சொல்வதை நிறுத்திவிட்டான்.

“இதுக்கு நான் என்னப்பா செய்யட்டும்?” என்றார் தராசு. கேள்வியாக இல்லை. ‘சாய்வு உண்டு’ என்று எழுதும்போது அவர் கை வழக்கத்தைவிட மெதுவாகப் போனது. சனிக்கிழமைக்கு ஒரு வயலின் குழுவைக் கூப்பிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்ததா என்று வண்டு கேட்டான். வரவில்லை. யாராவது முன்பே கேட்டிருந்தால், அவள் அப்படித்தான் செய்வாள் என்று சொல்லியிருப்பேன். அந்த வீட்டுக் கதையை மட்டும் நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் அம்மாவிடம் ஏற்கெனவே காட்டியிருந்தாள். அக்காவின் அறையில் விரித்த போர்வையை அம்மா மடித்துவைக்கவில்லை. “கிடக்கட்டும்” என்றாள். அப்பா கூடத்தில், தையல் இயந்திரத்துக்கும் மின்விசிறிக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

“அதைப் போடு, பார்ப்போம்.”

அவர் பார்த்ததே இல்லை. கைப்பேசியைக் கை நீளும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வண்டிகள் நிற்பதைப் பற்றிய வரி வந்தபோது அவர் முகம் அசையவில்லை. மீசை வராதவனைப் பற்றி அக்கா சொன்னபோது மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு. அப்ப நேரம்தான் சரியில்ல” என்றார். பிறகு, “இன்னொரு தடவை போடு” என்றார்.

மறுநாள் காலை தராசு மேலதிகாரிகள் கூட்டத்துக்குப் போயிருந்தார். வண்டு தேநீர் வாங்கக் கீழே இறங்கியிருந்தான். மேசைத் தொலைபேசி அடித்தது. அதில் பெரும்பாலும் தவறான எண்கள்தான் வரும். எடுத்தேன்.

“நகராட்சி கலைஞர் பரிசீலனைப் பிரிவுங்களா?”

பாட்டில் வரும் குரல் இல்லை அது. பாட்டில் அவள் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு தாளம் ஓடும். இது வெறும் குரல். காலையில் எழுந்ததும் வரும், கொஞ்சம் அடைத்த குரல்.

“ஆமாங்க” என்றேன். என் குரல் உடைந்தது அவள் போன பிறகு. இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

“நான் குண்டூசி பேசறேன் சார். பயப்படாதீங்க, சண்டை போடக் கூப்பிடல. உங்க முடிவு சரிதான். எனக்கு அது பத்தி ஒண்ணும் இல்ல.”

“சொல்லுங்க.”

“உங்க கடிதத்துல ஒண்ணு எழுதியிருந்தீங்களே. ஒரே நபர்னு.” அவள் நிறுத்தினாள். எங்கோ ஒரு பாத்திரத்தில் கரண்டி சுற்றும் சத்தம் கேட்டது. “அந்த மன்றத்துப் பக்கம் செத்துப் போய் வருஷக்கணக்காச்சு சார். யாரும் போறதில்ல. ஆனா நான் அப்பப்ப எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அந்த எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருக்கும். ரெண்டு, மூணு. சில மாசம் இருபதுகூட. எந்த ஊர்ல, யாரு உட்கார்ந்து இதைப் பார்க்கிறாங்கன்னு யோசிப்பேன். பலபேரா இருக்கும்னு நினைச்சேன். ஒரே ஆள்னு நீங்க எழுதினதும்... ரெண்டு நாளா எனக்கு வேலை ஓடல.”

நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். படிக்கட்டில் வண்டு விசிலடித்துக்கொண்டு ஏறி வரும் சத்தம் கேட்டது. அது அவளுடைய பாட்டுதான்.

“சார், இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கு விதி இருக்கும். எனக்குத் தெரியும், எங்க அப்பாவும் விதி பேசறவர்தான். பேர் வேணாம் சார். ஊர்கூட வேணாம். வயசானவரா, ஒரு அம்மாவா, இல்ல சின்ன வயசுப் பையனா... அது ஒண்ணை மட்டும் சொல்லுங்களேன்.”